டிஸ்கோர்ஸில் திருத்திய பதிவுகள்: ஒரு கணித ரீச்சர் பார்த்த விதத்தில்

டிஸ்கோர்ஸ் என்ற கலந்துரையாடல் மென்பொருளில் எத்தனையோ வசதிகள் இருக்கின்றன. நான் எழுதப்போவது ஒன்றைப் பற்றி மட்டும்தான். ஒருவர் போட்ட பதிவைப் பிறகு திருத்தினால், அந்தத் திருத்தத்தை இது என்ன செய்கிறது? உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிற எனக்கு மற்ற வசதியெல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இது மட்டும் சரியாக அமையாவிட்டால் வகுப்பில் சண்டை வரும். வந்தும் இருக்கிறது.

திருகோணமலை உவர்மலையில் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில்தான் என் வகுப்பு. நிலாவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்று நாலா பக்கமும் இருந்து பிள்ளைகள் வருகிறார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு துறையில் காத்து நிற்கிற கரைச்சல் இல்லை. என்றாலும் பின்னேர வகுப்பு முடிந்த கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடத்தான் வேண்டும். "ரீச்சர், ஒரு டவுட்" என்று நின்று கேட்க ஒருவருக்கும் நேரம் இல்லை. ஆகவே சந்தேகமெல்லாம் இராத்திரியில், போனில். ஒரு பிள்ளை கணக்கைப் போடும், இன்னொன்று விடை எழுதும், மூன்றாவது அதில் பிழை பிடிக்கும். அந்தப் பிழை பிடிக்கிற இடத்தில்தான் கணக்கு உண்மையில் தலைக்குள் இறங்குகிறது.

டிஸ்கோர்ஸுக்கு வருவதற்கு முன் வெறும் மெசேஜ் குழுதான் வைத்திருந்தோம். ஒரு நாள் ஓர் இருபடிச் சமன்பாடு கொடுத்தேன். கடைசி உறுப்பை 'கே' என்று விட்டு, இரு வேறு மெய் மூலங்கள் வர கே எந்த வீச்சில் இருக்க வேண்டும் என்பது கேள்வி. மூலங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லும் தன்மைகாட்டி 36 − 4கே என்று வரும். அது பூச்சியத்தைவிடக் கூட இருக்க வேண்டும், ஆகவே கே < 9. உப்புவெளிப் பொடியன் ஒருவன் கே ≤ 9 என்று எழுதினான். மூதூர்ப் பிள்ளை ஒருத்தி உடனே பிடித்துவிட்டாள்: "9 வந்தால் மூலம் இரண்டும் சமனாகிவிடும், சமன் குறி வரக் கூடாது." அருமையான திருத்தம். பொடியன் என்ன செய்தான்? சத்தம் போடாமல் தன் பதிவுக்குப் போய் ≤ஐ < ஆக்கிவிட்டு இருந்துவிட்டான். பிறகு வந்து பார்த்த பிள்ளைகளுக்கு அவன் விடை சரி. சரியான விடைக்குக் கீழே போய் 'சமன் குறி வரக் கூடாது' என்று எழுதியிருக்கிற இவள்தான் விசரி. அடுத்த வகுப்பில் அவள், "ரீச்சர், நான்தானே பிழை பிடிச்சேன், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்கள்" என்று கண் கலங்கி நின்றாள்.

மாறியது ஒரேயொரு குறி. ஆனால் பரீட்சையில் பகுதி 'அ' வினாவுக்கு 25 புள்ளி என்றால், அந்தக் குறியிலேயே 5 போய்விடும். அதைக் கண்டுபிடித்தவளின் பெயர் கெட்டதுதான் மிச்சம்.

திருத்துவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. திருத்தாதவர் கணக்குச் செய்ய முடியாது. என் வகுப்பில் கொப்பியில் டிபெக்ஸ் பூச விடமாட்டேன், அவ்வளவுதான். பிழையை ஒரு கோடு போட்டு வெட்டு, பக்கத்தில் சரியானதை எழுது. என்ன நினைத்துப் பிழைவிட்டாய் என்று எனக்கும் தெரிய வேண்டும், ஆறு மாதம் கழித்துப் புரட்டும்போது உனக்கும் தெரிய வேண்டும். இதைத்தான் திரையிலும் எதிர்பார்த்தேன்.

எல்லாரும் கையில் வைத்திருக்கிற செயலிகள் இதில் ஆளுக்கொரு விதம். வட்ஸ்அப் 2023இல்தான் மெசேஜைத் திருத்த விட்டது. அனுப்பி 15 நிமிடம் வரை திருத்தலாம், 'திருத்தப்பட்டது' என்று சின்னதாக ஒரு சொல் நிற்கும், முன்பு என்ன இருந்தது என்று பார்க்க வழி இல்லை. வீட்டு விஷயம் கதைக்க அது தாராளமாகப் போதும். டெலிகிராமில் 48 மணி நேரம் வரை திருத்தலாம். பெரிய குழுக்களில் அட்மின்மாருக்கு மட்டும், அண்மையில் யார் எதை மாற்றினார்கள் என்று பார்க்க ஒரு பட்டியல் இருக்கிறது, அதுவும் 48 மணி நேரத்துக்கு. அப்படியென்றால் எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒவ்வொரு வழக்குக்கும் நான் நீதவானாக உட்கார வேண்டும். பேஸ்புக் இந்த ஒரு விஷயத்தில் மோசமில்லை, பதிவைப் பார்க்கக்கூடியவர்கள் அதன் திருத்த வரலாற்றையும் பார்க்கலாம். ஆனால் படிப்புக்கென்று பேஸ்புக்கைத் திறந்த பிள்ளை படிப்போடு திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

டிஸ்கோர்ஸை எனக்குக் காட்டியது என் பெறாமகன். கோணேசபுரியில் இருக்கிற பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறான். "சித்தி, இதில ஒருத்தரும் ஒளிக்கேலாது" என்றான். 2013இல் வெளிவந்த திறந்த மூல மென்பொருள் இது. ஜெஃப் அட்வுட், ரொபின் வார்ட், சாம் சஃப்ரன் என்ற மூன்று பேர் தொடங்கியது. இதில் ஜெஃப் அட்வுட், கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை 2008இல் உருவாக்கிய இருவரில் ஒருவர். அந்தத் தளத்தில் அடுத்தவரின் பதிவைக்கூடத் திருத்தலாம், ஒவ்வொரு பழைய வடிவமும் அப்படியே கிடக்கும். அந்தப் பழக்கம் இங்கேயும் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

வேலை செய்யும் விதம் சுலபம். திருத்திய பதிவின் மேல் மூலையில் ஒரு சின்னப் பென்சில் தோன்றும், பக்கத்தில் எத்தனை தரம் திருத்தினார்கள் என்ற எண். அதைத் தொட்டால் பழையதும் புதியதும் வரும். நீக்கியது சிவப்பில், சேர்த்தது பச்சையில். முந்தைய திருத்தம், அதற்கு முந்தையது என்று அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் பின்னால் போகலாம். உப்புவெளிப் பொடியனின் வேலை இங்கே நடந்திருந்தால் ≤ சிவப்பிலும் < பச்சையிலும் நின்றிருக்கும். மூதூர்ப் பிள்ளை யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பத்தியாகவும் பார்க்கலாம், ஒரே பத்தியில் கலந்தும் பார்க்கலாம், குறியீட்டோடு மூல எழுத்தாகவும் பார்க்கலாம். லப்டொப்பில் இரண்டு பத்தி நன்றாக இருக்கிறது. போனில் அதற்கு இடம் போதாது, கலந்து பார்ப்பதுதான் சுகம். கணிதக் குறியீடு காட்ட ஒரு பிளகின், அதாவது சேர்த்துப் போடும் துணை மென்பொருள், உண்டு, அதைப் போடாமல் என் பாடத்துக்கு இது உதவாது. தொகையிடல் மாதிரி நீளமான கோவைகளில் எது மாறியது என்று தேட மூல எழுத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே சாய்கோடும் அடைப்புக்குறியுமாகக் கண்ணைக் கட்டும். பிள்ளைகள் பழகிவிட்டார்கள், நான்தான் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறேன்.

இனி நான் புள்ளி வெட்டுகிற இடம்.

பதிவு போட்ட முதல் 5 நிமிடத்துக்குள் செய்கிற சின்னத் திருத்தங்களை டிஸ்கோர்ஸ் வரலாற்றில் சேர்க்காது. பென்சிலும் வராது. எழுத்துப்பிழை திருத்தவென்று விட்ட சலுகை. பெரிய மாற்றம் என்றால், புதியவர்களுக்குச் சுமார் 100 எழுத்துக்கு மேல் என்றால், 5 நிமிடத்துக்குள்ளே செய்தாலும் பதிவாகிவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கட்டுரை எழுதுகிற இடத்துக்கு 100 எழுத்து ஒன்றும் இல்லைதான். கணிதத்தில் ஓர் எழுத்தே முழு விடை. அதைவிட முக்கியம், அந்த 5 நிமிடத்துக்குள் யாராவது பதில் போட்டார்களா என்று டிஸ்கோர்ஸ் பார்ப்பதில்லை. இராத்திரி எட்டரைக்கு எங்கள் பிள்ளைகள் பதில் போடுகிற வேகத்துக்கு 5 நிமிடம் ஒரு யுகம். ≤ போட்டு, பதில் வந்து, < ஆக்கிவிட்டுப் போக அது தாராளம்.

இதைப் பழைய கலந்துரையாடல் மென்பொருளான பிஎச்பிபிபி வேறு விதமாக யோசித்திருக்கிறது. அதில் பதிவுக்குக் கீழே 'கடைசியாகத் திருத்தியவர் இன்னார், இத்தனை தரம்' என்று ஒரு வரி வரும். ஆனால் யாரும் பதில் போடாத பதிவை எழுதியவர் திருத்தினால் அந்த வரி வராது. எனக்குப் பிடித்த நியாயம் இதுதான். பதில் வரும்வரை உன் எழுத்து உன்னுடையது, எப்படியும் மாற்று. ஒருவர் அதை வாசித்துப் பதில் சொன்ன நிமிடத்தில் இருந்து அந்த எழுத்தில் அவருக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது, இனித் தடம் விடாமல் மாற்றாதே. ஆனால் பிஎச்பிபிபி பழைய வடிவத்தை வைத்திருப்பதில்லை. எத்தனை தரம் என்று சொல்லும், எதை என்று சொல்லாது. பிஎச்பிபிபியின் நியாயமும் டிஸ்கோர்ஸின் பென்சிலும் ஒரே இடத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நல்ல வேளையாக டிஸ்கோர்ஸில் அந்தச் சலுகை நேரத்தை அட்மின் மாற்றலாம். செட்டிங்கில் விநாடிக் கணக்கில் 300 என்று கிடக்கும். நான் அதை 60 ஆக்கிவிட்டேன். அடியோடு பூச்சியம் ஆக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் போனில் தமிழ் தட்டுகிற பிள்ளைகளுக்கு ஒற்றும் கொம்பும் தவறுவது சகஜம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பென்சில் முளைத்தால் பென்சிலுக்கு மதிப்பே போய்விடும்.

அடுத்தது அதிகாரம் உள்ளவர்களின் கை. 2016 நவம்பரில் ரெடிட் தளத்தின் தலைமை அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மன், ஒரு குழுவில் தன்னைத் திட்டி எழுதியவர்களின் கருத்துகளுக்குள் புகுந்து, தன் பெயர் இருந்த இடத்தில் அந்தக் குழுவைக் கவனித்து நடத்தும் மொடரேட்டர்களின் பெயரைப் போட்டுவிட்டார். பிடிபட்டு, ஒப்புக்கொண்டு, மன்னிப்பும் கேட்டார். கோடிக்கணக்கான பேர் எழுதுகிற இடத்திலேயே அப்படி என்றால், முப்பது நாற்பது பிள்ளைகளும் ஒரு ரீச்சரும் உள்ள இடத்தில் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் என்னிடம் கேட்கமாட்டார்கள், பயம். பிஎச்பிபிபியில் மொடரேட்டர் திருத்தினால் அந்த 'திருத்தியவர்' வரியே வராது, அவராக விரும்பிக் குறிப்பு எழுதினால்தான் உண்டு. டிஸ்கோர்ஸில் நான் ஒரு பிள்ளையின் பதிவில் கை வைத்தால் என் பெயரோடு வரலாற்றில் விழுகிறது, எழுதிய பிள்ளைக்கும் அறிவிப்புப் போகிறது. ஏன் திருத்தினேன் என்று காரணம் எழுதவும் ஓர் இடம் இருக்கிறது. 'அலகு விடுபட்டது', 'படம் தலைகீழ்' என்று எழுதிவிடுவேன். விடையில் மட்டும் கை வைப்பதில்லை, கீழே பதிலாகத்தான் போடுவேன்.

ஆனால் வரலாறு எல்லாருக்கும் திறந்து கிடப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பெண்பிள்ளைகள் படிக்கிற இடம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை தன் போன் நம்பரைப் பதிவில் எழுதிவிடுகிறாள் என்று வையுங்கள். அரை மணித்தியாலம் கழித்து யாரோ சொல்லித் திருத்தி எடுத்துவிடுகிறாள். பதிவில் இல்லை, அவளுக்கு நிம்மதி. ஆனால் பென்சிலைத் தொட்டால் அந்த நம்பர் சிவப்பில் பளிச்சென்று நிற்கும்! பதிவில் சும்மா கிடந்ததைவிட இப்போது கூடுதலாகக் கண்ணில் படும். அந்தக் குறிப்பிட்ட பழைய வடிவத்தை மொடரேட்டர் மறைத்துவிடலாம், அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் மறைக்க வேண்டும் என்று மொடரேட்டருக்குத் தெரிய வேண்டுமே. ஆகவே சேருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: நம்பர், வீட்டு விலாசம், படம் ஏதும் தவறிப் போட்டால் நீங்களே அழித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், எனக்கு ஒரு தனிமடல் போடுங்கள், எத்தனை மணி என்றாலும் பரவாயில்லை.

வரலாற்றை எல்லாருக்கும் காட்டாமல், அட்மின், மொடரேட்டர் மட்டும் பார்க்கும்படி வைக்கவும் செட்டிங் உண்டு. உடல்நலம், குடும்பப் பிரச்சினை மாதிரி விஷயம் கதைக்கிற குழுக்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கணித வகுப்புக்கு வேண்டாம்.

எவ்வளவு காலம் வரை திருத்தலாம் என்பதும் ஆளைப் பொறுத்தது. புதிதாகச் சேர்ந்தவருக்கு 1 நாள், வந்து வாசித்து எழுதிப் பழகி நம்பிக்கைப் படியில் ஏறியவருக்கு 30 நாள். அதை நான் மாற்றவில்லை.

குறை இன்னொன்று. திருத்தியதை ஏற்கெனவே வாசித்துவிட்டுப் போனவருக்கு டிஸ்கோர்ஸ் சொல்லாது. ஒரு திரியின், அதாவது ஒரே விஷயத்தில் தொடரும் பதிவுகளின், கடைசிப் பதிவைத் திருத்தினால் திரி மேலே ஏறி வரும், நடுவில் இருக்கிற பதிவைத் திருத்தினால் அதுவும் இல்லை. மேலே ஒருவர் சூத்திரத்தைப் பிழையாக எழுதி, மற்றவர்கள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய், பிறகு அவர் திருத்தினால், கொப்பியில் பிழை அப்படியே கிடக்கும். பென்சில் வருபவருக்குத்தான், போனவருக்கு இல்லை. அதனால் விடையையோ சூத்திரத்தையோ மாற்றினால் கீழே ஒரு புதுப் பதிவாக 'மேலே திருத்தியிருக்கிறேன்' என்று எழுத வேண்டும் என்பது எங்கள் வகுப்புச் சட்டம். மேற்கோள் காட்டிப் பதில் எழுதினால் அந்த மேற்கோளில் பழைய சொல்தான் நிற்கும். அது குறை இல்லை, எனக்கு அதுதான் வேண்டும். பிழை பிடிக்கிறவர் பிழையான வரியை மேற்கோள் காட்டித்தான் பிடிக்க வேண்டும் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த 60 விநாடி ஓட்டையை இது அடைத்துவிடுகிறது. மின்னஞ்சல் அறிவிப்பை உடனே அனுப்பாமல் 10 நிமிடம் பிடித்து வைத்து அனுப்புவதும் நல்ல யோசனை, திருத்திய வடிவமே போய்ச் சேருகிறது.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். மென்பொருள் இலவசம். அந்த நிறுவனமே நடத்தித் தருகிற சேவைக்கு டாலரில் கட்ட வேண்டும், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டாலர் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு நெஞ்சு அடைக்கிறது. சொந்தமாகப் போடுவதென்றால் 1 ஜிபி நினைவகம் உள்ள சின்னச் சேர்வர் போதும், அதற்கும் மாத வாடகை டாலரில்தான், ஆனால் தாங்கும். கூடவே மின்னஞ்சல் அனுப்புகிற சேவை ஒன்று கட்டாயம். அது இல்லாமல் பிள்ளைகள் கணக்குத் திறப்பதற்கான மடலே போகாது. இதெல்லாம் என்னால் தனியாக ஆகிற வேலை இல்லை. பெறாமகனுக்கு இரண்டு சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடும் நண்டுக் கறியும் கொடுத்துத்தான் முடித்தேன். வீட்டில் அப்படி ஒருவர் இல்லையென்றால் இறங்காதீர்கள். ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீர்கள் என்றாலும் வேண்டாம். மெசேஜ் குழுவில், பிழையைத் திருத்தாமல் அடுத்த மெசேஜாகப் போடு என்று ஒரு சட்டம் வைத்தால் போதும்.

இனி விக்கிப் பதிவைப் பார்க்க இருக்கிறேன். ஒரு பதிவை விக்கி என்று குறித்துவிட்டால் படி ஏறிய பிள்ளைகள் எல்லாரும் அதைத் திருத்தலாம், யார் எந்த வரியை மாற்றினார்கள் என்பது அதே பென்சிலில் தெரியும். திரிகோண கணிதச் சூத்திரங்களுக்கு ஒன்று திறந்திருக்கிறேன். இரட்டைக் கோணத்தை முதலில் போடுவதா, கூட்டற் கோணத்தை முதலில் போடுவதா என்று மாற்றி மாற்றித் திருத்தி, பென்சிலுக்குப் பக்கத்து எண் ஏறிக்கொண்டே போகிறது. கூட்டலில் இருந்துதானே இரட்டை வருகிறது என்று இன்னும் ஒருவரும் எழுதவில்லை. எழுதும்வரை நான் வாய் திறக்கப் போவதில்லை.